பங்கை விற்றுவிடலாம், விண்டோஸை?

2013 ஆகஸ்ட் 23. மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர், இன்னும் ஓராண்டுக்குள் பதவி விலகப் போவதாக அறிவித்தார். அன்றைக்கே நிறுவனத்தின் பங்கு விலை ஏழு சதவீதம் எகிறியது. பால்மரின் கையிலேயே சுமார் 33 கோடிப் பங்குகள் இருந்தன. அதனால் போகிறேன் என்று சொன்ன ஒரே நாளில் அவருடைய சொத்து 70 கோடி டாலருக்கு மேல் கூடிவிட்டது. வேலையை விடுவதாக அறிவித்தே இவ்வளவு சம்பாதித்த நிர்வாகி உலகில் வேறு யாரும் இருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அப்படி என்னதான் கெடுத்துவிட்டார் பால்மர்? கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் பெரிய குற்றம் எதுவும் கண்ணில் படாது. 2000ஆம் ஆண்டில் 2,300 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய், 2013இல் 7,800 கோடியை எட்டியிருந்தது. லாபம் இரு மடங்குக்கு மேல். 2004இல் பங்கு ஒன்றுக்கு 3 டாலர் வீதம் சிறப்பு டிவிடெண்ட் என்று ஒரே தவணையில் சுமார் 3,200 கோடி டாலரை வாரி வழங்கியது நிறுவனம். ஆனாலும் பங்குதாரர்கள் முகம் கொடுக்கவில்லை. 1999 டிசம்பரில் 58 டாலர் அளவில் இருந்த பங்கு, பால்மர் காலத்தின் பெரும்பகுதியை 20க்கும் 30க்கும் இடையிலேயே ஓட்டியது. பக்கத்தில் ஆப்பிளும் கூகுளும் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு சதவீதப் பங்குகூட இல்லாத வேல்யூஆக்ட் என்ற முதலீட்டு நிறுவனம், அதிருப்தியைத் திரட்டியே இயக்குநர் குழுவில் இடம் வாங்கிவிட்டது.

அதே காலத்தில் கணினியின் முன் உட்கார்ந்திருந்தவரின் கதை வேறு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, 2009இல் வந்த விண்டோஸ் 7 இரண்டையும் மக்கள் உண்மையாகவே விரும்பினார்கள். நடுவில் வந்த விஸ்டாவைத் திட்டினார்கள். 2012இல் ஸ்டார்ட் பொத்தானையே தூக்கிவிட்ட விண்டோஸ் 8ஐக் கண்டு குழம்பினார்கள், அடுத்த ஆண்டே அந்தப் பொத்தான் திரும்பி வந்தது. எக்ஸ்பியை விடமாட்டேன் என்று 2014 வரை பிடித்துக்கொண்டிருந்த அலுவலகங்கள் ஏராளம். பங்குதாரர் சோர்ந்திருந்த காலத்தில் பயனாளர் ஓரளவு திருப்தியாகவே இருந்தார் என்று சொல்லலாம். இரண்டு திருப்தியும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள்போலச் சேர்ந்து நடக்கும் என்று வணிகப் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். மைக்ரோசாஃப்டின் வரலாறு அதற்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது.

பால்மருக்குப் பின், ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரியில் வந்தார். அப்போது பங்கு விலை 36 டாலர் அளவில். 2025 நடுவில் அது 500ஐத் தாண்டியது. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2019இல் ஒரு லட்சம் கோடி டாலர், 2021இல் இரண்டு, 2024 ஜனவரியில் மூன்று, 2025 ஜூலையில் ஒரு கணம் நான்கு. 1986இல் முதல் முறையாகப் பங்கு வெளியிட்டபோது 21 டாலர் கொடுத்து ஒரே ஒரு பங்கு வாங்கிப் பெட்டியில் வைத்தவருக்கு, இடையில் நடந்த பங்குப் பிரிப்புகளால் இன்று 288 பங்குகள். பங்கு 400 டாலர் என்று வைத்தாலே லட்சம் டாலருக்கு மேல். பங்குதாரர் திருப்தியா என்று கேட்பதே வேடிக்கை.

சரி, பயனாளர்?

அந்தக் கேள்விக்குள் நுழையுமுன், மைக்ரோசாஃப்ட் எதை விற்றுப் பிழைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் 28,170 கோடி டாலர். இதில் சர்வர் மென்பொருளும் மேகக் கணிமையும் கொண்டுவந்தது சுமார் 9,800 கோடி. நிறுவனங்களுக்கு விற்கும் மைக்ரோசாஃப்ட் 365 தொகுப்பு சுமார் 8,800 கோடி. நம்மில் பெரும்பாலோருக்கு மைக்ரோசாஃப்ட் என்றால் நினைவுக்கு வரும் விண்டோஸோ, சர்ஃபேஸ் போன்ற கருவிகளையும் சேர்த்தே சுமார் 1,730 கோடி. மொத்தத்தில் ஆறு சதவீதம். 2018இலேயே நாதெள்ளா விண்டோஸுக்கென இருந்த தனிப் பிரிவைக் கலைத்துவிட்டார். கோடிக்கணக்கான பேர் தினமும் முகம் பார்க்கும் பொருள், அதைச் செய்பவருக்குப் பக்கத் தொழிலாகிவிட்டது.

மீதி வருவாய்க்கும் ஒரு விசேஷம் உண்டு. அதற்குப் பணம் கட்டுபவரும் அதைப் பயன்படுத்துபவரும் ஒரே ஆள் இல்லை. வங்கியில் கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவர் அவுட்லுக்கைத் தேர்ந்தெடுக்கவில்லை. டீம்ஸ் வேண்டும் என்று ஆசிரியர் கேட்கவில்லை. தலைமை அலுவலகத்தில் ஒரு குழு, ஆயிரக்கணக்கான இருக்கைகளுக்குச் சேர்த்துப் பல ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அந்தக் குழு பார்ப்பது விலையை, பாதுகாப்புச் சான்றிதழை, ஏற்கெனவே இருக்கும் அமைப்புடன் ஒத்துப்போகுமா என்பதை. மெனுவில் ஒரு கட்டளை எங்கே ஒளிந்துகொண்டது என்று தேடும் கடைநிலை ஊழியரின் எரிச்சல் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் பதிவாகாது.

பதிவாகாத எரிச்சலுக்கு என்ன மதிப்பு என்பதை விண்டோஸ் 10இன் முடிவு காட்டியது. 2015இல் அது வந்தபோது இதுவே கடைசி விண்டோஸ் என்று நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மேடையிலேயே சொன்னார். கூட்டத்தைச் சேர்க்க ஓராண்டு இலவசம் என்றார்கள். இலவசத்தை ஏற்காதவர்களின் திரையில் அறிவிப்புப் பெட்டி வந்து வந்து நின்றது. 2016இல் அந்தப் பெட்டியின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். கதவைச் சாத்துவதையே வரவேற்பு என்று புரிந்துகொண்ட விருந்தாளி! எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தெளிவான மறுப்புப் பொத்தான் வந்தது.

கடைசி விண்டோஸ் கடைசியாக இருக்கவில்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் வேண்டும் என்றது. 2017இல் கடையில் புதிதாக வாங்கிய பல கணினிகள் இந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. சுவையான ஒரு விதிவிலக்கு: ஏழாம் தலைமுறைச் செயலிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றை மட்டும் பின்னர் பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று, மைக்ரோசாஃப்டே விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருந்த செயலி.

பாதுகாப்புதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய வன்பொருளைக் காப்பது கடினம்தான். ஆனால் 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் நிலை என்ன? அவற்றில் சுமார் 24 கோடி குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இலேயே மதிப்பிட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் தந்த வழி, இன்னும் ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வேண்டுமென்றால் 30 டாலர் கட்டு, இல்லையேல் உன் அமைப்புகளை எங்கள் மேகக் கிடங்கில் சேமி, அதுவும் இல்லையேல் எங்கள் ரிவார்ட்ஸ் திட்டத்தில் ஆயிரம் புள்ளி சேர்த்துக்கொண்டு வா என்பது.

இங்கேதான் ஐரோப்பா குறுக்கே வந்தது. அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் சட்டத்தைக் காட்டி நெருக்கியதும், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த ஓராண்டைக் காசும் மேகச் சேமிப்பு நிபந்தனையும் இல்லாமல் கொடுக்க ஒப்புக்கொண்டது நிறுவனம். அதே மென்பொருள், அதே ஓட்டைகள், அவற்றை அடைக்கும் அதே ஒட்டு. பெர்லினில் இருப்பவருக்கு ஒரு நியாயம், மதுரையில் இருப்பவருக்கு இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் கெட்ட நிறுவனம் என்பதற்கு இது சான்றாகாது. எங்கே அழுத்தம் இருக்கிறதோ அங்கே வளைகிற நிறுவனம் என்பதற்குத்தான் சான்று. பங்குதாரர் கொடுக்கும் அழுத்தம் எளிமையானது: பிடிக்கவில்லை என்றால் ஒரு சொடுக்கில் விற்றுவிட்டுப் போவார். பயனாளரால் அப்படிப் போக முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போக முடிந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். 2013 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுப் பெட்டியை அறிவித்தபோது, நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைந்தாக வேண்டும், பழைய விளையாட்டு வட்டுகளை விற்கவும் கைமாற்றவும் கட்டுப்பாடு உண்டு என்று சொல்லி வைத்தார்கள். ஜூன் 10ஆம் தேதி சோனி மேடையேறி, எங்கள் பிளேஸ்டேஷன் 4இல் அந்தத் தொல்லை எதுவும் இல்லை, விலையும் 100 டாலர் குறைவு என்றது. ஜூன் 19இல் மைக்ரோசாஃப்ட் எல்லாக் கட்டுப்பாடுகளையும் வாபஸ் வாங்கியது. ஒன்பதே நாள்! இவ்வளவு வேகமாகக் காது கேட்கும் நிறுவனத்துக்கு விண்டோஸ் பயனாளரின் குரல் மட்டும் கேட்காமல் போவது செவிக் கோளாறால் இல்லை.

கைபேசியில் பயனாளர்கள் வாபஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் போய்விட்டார்கள். அவர்களைத் துரத்திப் பிடிக்கத்தான் நோக்கியாவின் கைபேசித் தொழிலை 544 கோடி யூரோவுக்கு வாங்கப் போவதாக 2013 செப்டம்பரில் அறிவித்தார் பால்மர். தமிழ்நாட்டுக்கு இந்த ஒப்பந்தம் ஆறாத வடு. 2006 முதல் ஓடிக்கொண்டிருந்த, ஒரு கட்டத்தில் 8,000 பேர் வேலை பார்த்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை, வருமான வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டதால் கைமாற முடியாமல் நோக்கியாவிடமே நின்றது. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் கைபேசி செய்து கொடுத்தது. அந்த ஆர்டரும் நின்றதும் 2014 நவம்பர் 1இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்தது. பங்குதாரர் அந்த நஷ்டத்தைச் செரித்துவிட்டார், சில ஆண்டுகளில் பல மடங்காக மீட்டும்விட்டார். பயனாளர் வேறு கைபேசி வாங்கிக்கொண்டார். ஆலை வாசலில் நின்ற இளைஞர்களும் பெண்களும் இரண்டு பட்டியலிலும் இல்லை. வரித்துறையின் பிடிவாதத்துக்கும் இதில் பங்குண்டு, பழி முழுவதையும் மைக்ரோசாஃப்டின் தலையில் இறக்கி வைக்க முடியாது.

சாதாரணப் பயனாளரை விடுங்கள், அமெரிக்க அரசே வெளியேற முடியாத வாடிக்கையாளர்தான். 2023 கோடையில் சீனாவுடன் தொடர்புடைய ஊடுருவிகள் மைக்ரோசாஃப்டின் மேக மின்னஞ்சலுக்குள் புகுந்து, வர்த்தக அமைச்சர் ஜீனா ரைமண்டோ உட்படப் பலருடைய கடிதங்களைப் படித்தார்கள். வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மின்னஞ்சல்கள் போயின. இதை ஆராய்ந்த அரசுக் குழு 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடியது, நடந்தே இருக்கக் கூடாதது, நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடே போதாது என்று அடித்துச் சொன்னது. இனிப் பாதுகாப்புக்கே முதலிடம் என்று நாதெள்ளா ஊழியர்களுக்கு எழுதினார். தனக்கு வரவேண்டிய ரொக்க ஊக்கத்தொகையைக் குறைத்துக்கொள்ளவும் கேட்டார், அது பாதியாகக் குறைந்தது. பாராட்டத்தக்க செயல். ஆனால் பங்கு ஏறியிருந்ததால் அந்த ஆண்டு அவருடைய மொத்த ஊதியம் 63 சதவீதம் கூடி 7.9 கோடி டாலரானது. யாருடைய திருப்திக்கு எவ்வளவு எடை என்பதற்கு இதைவிடத் துல்லியமான தராசு கிடைக்காது.

வெளியேறிப் பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முனைந்தபோது, பால்மர் தன் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயரைப் பார்க்கப் பறந்து வந்தார். நகராட்சி அசையவில்லை. மாறியது, பல ஆண்டு நடத்தியது. 2017இல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. இப்போது அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கும் கட்டற்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2007 வாக்கில் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தலைமையில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைத் துணிந்து புகுத்தியது. சென்னை சி-டாக் ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், பின்னாளில் அரசு கொடுத்த மாணவர் மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம் பெற்றது. எத்தனை மாணவர்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்கள் என்று எந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரரைக் கேட்டாலும் சிரிப்பார்.

ஏன் போக முடிவதில்லை? கடையில் கணக்கு எழுத டேலி ஓட வேண்டும், அது விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். அச்சகத்தில் பழைய பேஜ்மேக்கரும் அதற்கேற்ற பழைய தமிழ் எழுத்துருக்களும் இருபது ஆண்டு கோப்புகளும் கிடக்கின்றன. ஆடிட்டர் அனுப்புவது எக்செல் கோப்பு. இவையெல்லாம் மைக்ரோசாஃப்ட் போட்ட பூட்டு என்று சொல்வது அநியாயம். தொண்ணூறுகளில் எழுதிய நிரலும் இன்றைய விண்டோஸில் பெரும்பாலும் ஓடுகிறது என்பது அந்தப் பொறியாளர்களின் அரிய சாதனை, பயனாளருக்குச் செய்த பெரிய மரியாதையும்கூட. தமிழருக்கும் ஒரு கடன் உண்டு. ஊருக்கொரு குறியாக்கம், ஆளுக்கொரு எழுத்துரு என்று சிதறிக் கிடந்த காலத்தில், லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழை அலுவலகக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது விண்டோஸ் 2000தான். பங்கு விலையில் ஒரு காசு கூட்டாத வேலை அது. செய்தார்கள்.

பங்குச்சந்தைப் பக்கமே போகாத நிறுவனம் என்றால் பயனாளர் ராஜாவாகிவிடுவாரோ? ஜோஹோ அப்படிப்பட்ட நிறுவனம். 2025 அக்டோபர் வாக்கில் அதன் அரட்டை செயலியில் கூட்டம் அலைமோதியபோது, எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் எங்கே என்று உடனே கேட்டார்கள், நிறுவனமும் உடனே அந்த வேலையில் இறங்கியது. காரணம் பங்குச்சந்தையில் இல்லாதது மட்டும் இல்லை. பக்கத்து ஐகானில் வாட்ஸ்அப் இருந்தது.

பங்குதாரர் என்கிறோமே, அவர் யார்? மைக்ரோசாஃப்டின் பெரிய பங்குதாரர்களில் முன்னணியில் இருப்பவை வான்கார்ட், பிளாக்ராக் போன்ற நிறுவனங்கள். அவற்றின் குறியீட்டு நிதிகள் பட்டியலில் இருப்பதை எல்லாம் வாங்குபவை, பிடித்ததால் வாங்குபவை இல்லை. நாஸ்டாக் 100ஐப் பின்பற்றும் மியூச்சுவல் பண்டில் மாதம் ஆயிரம் ரூபாய் போடும் கோயம்புத்தூர்க்காரரும் துளியளவு மைக்ரோசாஃப்ட் பங்குதாரரே. காலையில் தானாக மறுதொடக்கம் ஆகும் விண்டோஸைத் திட்டுபவரும், மாலையில் பண்ட் மதிப்பைப் பார்த்து மகிழ்பவரும் ஒருவராகவே இருக்கலாம். நிறுவனம் எப்போதும் மாலை நேரத்து மனிதருக்கே பதில் சொல்கிறது. 2025இல் 10,000 கோடி டாலருக்கு மேல் லாபம் ஈட்டிய அதே ஆண்டில் 15,000 பேரை வேலையிலிருந்து அனுப்பியதும் அவருக்கான பதில்தான்.

அந்த மாலை மனிதரே இப்போது சற்றுக் கலங்கியிருக்கிறார். செயற்கை நுண்ணறிவில் பணம் கொட்டப்படுகிறது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் மட்டும் சுமார் 1,300 கோடி டாலர் முதலீட்டுக்கு மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டிருக்கிறது. தரவு மையங்களுக்கும் மற்ற மூலதனச் செலவுகளுக்கும் 2025இன் கடைசிக் காலாண்டில் 3,750 கோடி. போட்ட பணத்தை எடுக்க, கோபைலட் என்ற உதவியாளர் எல்லா மென்பொருளுக்குள்ளும் திணிக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் வீட்டுச் சந்தாவில் கோபைலட்டைச் சேர்த்து விலையை ஏற்றியபோது, அது இல்லாத பழைய விலைத் திட்டமும் இருப்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 27 லட்சம் பேரைத் தவறாக வழிநடத்தினார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அடுத்த மாதம் விண்டோஸின் தலைவர் பவன் தாவுலூரி, இனி விண்டோஸ் தானே வேலை செய்யும் முகவர்களின் தளமாகும் என்று பெருமையோடு அறிவித்தார். யார் கேட்டார்கள் இதை என்று பயனாளர்கள் சூழ்ந்துகொண்டதில் அந்தப் பதிவுக்குக் கீழே பதிலிடும் வசதியையே மூட வேண்டியதாயிற்று.

பழைய நாளாக இருந்தால் வசவு வசவாகவே போயிருக்கும். இந்த முறை கணக்கு வேறு. விண்டோஸும் அவுட்லுக்கும் மேசையில் இருந்தால் ஊழியர் பயன்படுத்தியே ஆக வேண்டும். கோபைலட்டை அவர் சீண்டாமலே வேலையை முடித்துவிட முடியும், சீண்டாத இருக்கைக்கு மாதம் 30 டாலர் கட்ட நிதி அதிகாரிக்கும் மனம் வராது. 2026 ஜனவரி இறுதியில் காலாண்டு முடிவுகளோடு வெளிவந்த விவரம்: சுமார் 45 கோடி அலுவலகப் பயனாளர்களில் கோபைலட்டுக்குக் காசு கட்டப்பட்ட இருக்கைகள் ஒன்றரைக் கோடி. வருவாயும் லாபமும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தன. மறுநாள் பங்கு சுமார் பத்து சதவீதம் சரிந்தது, 35,000 கோடி டாலர் அளவு சந்தை மதிப்பு ஒரே நாளில் கரைந்தது. மேகத் தொழிலின் வேகம், ஓப்பன்ஏஐயை அளவுக்கு மீறி நம்பியிருப்பது, செலவின் பாரம் எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. அவற்றோடு, கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது வேண்டுமா என்ற கேள்வியை, வெகுகாலத்துக்குப் பிறகு வால் ஸ்ட்ரீட்டும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.